ஆர்டிகே ரோவர்ல ஹைட் மைனஸ் 82 வருது, மெஷின் கோளாறா?

மாமல்லபுரம் பக்கம் மழைநீர் வடிகால் வேலைக்கு சர்வே பண்ற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், புது ஆர்டிகே ரோவர்ல (சென்டிமீட்டர் துல்லியத்துல அளக்கிற ஜிபிஎஸ் கருவி) கடற்கரையோரம் எங்க வச்சாலும் ஹைட் மைனஸ் 82 மீட்டர்னு வருது, ஆனா பக்கத்து பென்ச்மார்க்ல (உயரம் ஏற்கனவே அளந்து குறிச்சு வச்ச இடம்) பிளஸ் 4 மீட்டர்னு இருக்கு, மெஷினை திருப்பி அனுப்பிடவா?"

அனுப்பாதீங்க தம்பி, மெஷின் சரியாத்தான் சொல்லுது. ஜிபிஎஸ் கடல்மட்டத்துல இருந்து அளக்கிறதே இல்ல, டபிள்யூஜிஎஸ் 84ன்னு ஒரு கணக்கு உருண்டை இருக்கு, துருவத்துல லேசா தட்டையா இருக்கும், எலிப்சாய்டுன்னு சொல்வாங்க, அதுல இருந்துதான் உயரம் சொல்லும். பென்ச்மார்க் உயரம் சராசரி கடல்மட்டத்துல இருந்து எடுத்தது, அந்த மட்டத்தை நிலத்துக்கு அடியிலயும் நீட்டி நினைச்சுக்கிட்டா அதுதான் ஜியாய்டு. பூமிக்குள்ள பாறையோட அடர்த்தி எல்லா இடத்துலயும் ஒண்ணா இல்ல, அதனால ஈர்ப்பும் ஒண்ணா இல்ல, கடல்மட்டமும் அந்த உருண்டைக்கு மேலயும் கீழயுமா ஏறி இறங்கித்தான் கிடக்கு. இதுல உலகத்துலயே பெரிய பள்ளம் நமக்குப் பக்கத்துலயே, இலங்கைக்கு தெற்க இந்தியப் பெருங்கடல்ல இருக்கு, எலிப்சாய்டுக்கு கிட்டத்தட்ட 106 மீட்டர் கீழ! கப்பல்ல போறவங்களுக்கு எதுவும் தெரியாது, ஏன்னா அங்கயும் தூக்குக்குண்டு தண்ணிக்கு நேர் செங்குத்தாத்தான் தொங்கும். ஆப்பிரிக்கா பக்கமிருந்து ஆழத்துல நகர்ந்து வந்த சூடான, அடர்த்தி குறைஞ்ச பாறைதான் காரணம்னு பெங்களூரு ஐஐஎஸ்சி ஆய்வாளர்கள் 2023ல மாடல் போட்டு சொன்னாங்க.

அந்தப் பள்ளத்தோட சரிவுலதான் சென்னையும் இருக்கு, இங்க ஜியாய்டு சுமாரா மைனஸ் 86 மீட்டர், அதாவது எலிப்சாய்டுக்கு அவ்வளவு கீழ. உங்க மைனஸ் 82ல இருந்து மைனஸ் 86ஐ கழிங்க, பிளஸ் 4 வந்துடுச்சா?

இப்ப செய்ய வேண்டியது, கன்ட்ரோலர்ல (ரோவரை இயக்குற கைக்கருவி) ஜியாய்டு மாடல், அதாவது எங்க ஜியாய்டு எவ்வளவு ஏறி இறங்கியிருக்குன்னு சொல்ற ஃபைல், ஆஃப்ல இருக்கும், அதுல ஈஜிஎம் 2008ன்ற மாடலை ஏத்தி ஆன் பண்ணுங்க. கன்ட்ரோலர்லயும் ஆன் பண்ணிட்டு ஆபீஸ்ல சாஃப்ட்வேர்லயும் இன்னொரு தடவை அதையே போட்டா ஹைட் பிளஸ் 90ன்னு போய் நிக்கும், அதனால ஒரு இடத்துல மட்டும்தான்.

மாடலை போட்டதோட வேலை முடிஞ்சுடாது. ஈஜிஎம் 2008 உலகம் முழுசுக்கும் போட்ட மாடல், நம்ம ஊர் பென்ச்மார்க்கோட சேர்த்துப் பார்த்தா சில டெசிமீட்டர் கூட தள்ளி வரலாம். வடிகால்ல 1:2000 சரிவுன்னா கிலோமீட்டருக்கு மொத்தமே 50 சென்டிமீட்டர்தான், அதுல 10 சென்டிமீட்டர் தப்பினா தண்ணி தேங்கி அந்தத் தெரு ஜனங்கதான் கஷ்டப்படும். சைட்டை சுத்தி நாலு நல்ல பென்ச்மார்க்ல ரோவரை வச்சு லோக்கலைசேஷன் பண்ணுங்க, அதாவது ரோவர் காட்டுற ஹைட்டை அந்த பென்ச்மார்க் உயரங்களோட பொருத்துங்க, நாலும் ஒரே ஓரமா இல்லாம வேலை நடக்கிற இடம் அதுக்குள்ள அடங்கணும். ஒரே பென்ச்மார்க்ல வர்ற வித்தியாசத்தை 10 கிலோமீட்டருக்கும் அப்படியே கூட்டிட்டுப் போறவங்களை நிறைய பாக்கறேன், தயவுசெஞ்சு வேண்டாம், ஜியாய்டே சரிவா இருக்கு, கிலோமீட்டருக்கு சில சென்டிமீட்டர் வரைக்கும் மாறலாம். வடிகாலோட உள்பக்க அடிமட்டம், அதாவது இன்வர்ட் லெவல் மட்டும் நான் எப்பவும் ஆட்டோ லெவல்லதான் (முக்காலியில வச்சு மட்டம் பார்க்கிற தொலைநோக்கிக் கருவி) எடுக்கச் சொல்வேன், அது ஈர்ப்பை வச்சேதான் மட்டம் பிடிக்குது, தண்ணியும் அதைத்தான் கேட்டு ஓடுது.

இந்தத் தலைவலி புதுசும் இல்ல. 1802ல பரங்கிமலை பக்கம் பேஸ்லைன்னு ஒரு அடிப்படைக் கோடு அளந்து ஆங்கிலேய சர்வேயர் லாம்டன் ஆரம்பிச்ச இந்தியப் பெரிய சர்வேல, பின்னாடி அவருக்கு அடுத்து வந்த எவரெஸ்ட் காலத்துல, வடக்க கலியானா, கலியான்பூர்ன்ற ரெண்டு ஊருக்கும் நடுவுல முக்கோண அளவையும் நட்சத்திரம் பார்த்து எடுத்த அட்சரேகையும் 5 விநாடிக்கு (நேரம் இல்ல, கோண விநாடி, ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்கு) மேல ஒத்துப்போகல. இமயமலை தூக்குக்குண்டை இழுக்குதான்னு பிராட்ன்ற கணித அறிஞர் 1855ல கணக்கு போட்டா 15 விநாடிக்கு மேல வரணும்னு வந்துச்சு, மலைக்கு அடியில பாறை லேசா இருக்குன்ற விஷயமே அந்த ஒத்துப்போகாத கணக்குல இருந்துதான் பிடிபட்டுச்சு.

ட்ராயிங்ல ஹைட் பக்கத்துல எந்த ஜியாய்டு மாடல், எந்தெந்த பென்ச்மார்க்னு கட்டாயம் எழுதிடுங்க, அடுத்து வர்ற சர்வேயர் உங்க லெவல்ல இருந்துதான் ஆரம்பிக்கப் போறார்.