வாசகர் கேள்வி – பதில்: சைப்ரஸ் ஹில் குழுவின் இசை

கேள்வி: ஐயா, அமெரிக்காவின் ‘சைப்ரஸ் ஹில்’ குழுவை லத்தீன் ஹிப்-ஹாப்பின், அதாவது ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க வழியினரின் ராப் இசையின், முன்னோடி என்கிறார்கள். ஆனால் அவர்களுடைய முதல் ஆல்பத்தில் லத்தீன் மெட்டு என்று சொல்லத்தக்க எதுவும் என் காதில் விழவில்லையே?
– கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: நீங்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். 1991-ல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் இசைக்கு அடித்தளமாக இருப்பவை பெரும்பாலும் கறுப்பின அமெரிக்கர்களின் பழைய சோல், ஃபங்க், ப்ளூஸ் இசைத்தட்டுகளே. அவற்றிலிருந்து சில நொடித் துண்டுகளை வெட்டியெடுத்து, கனத்த டிரம் ஓசையின் மேல் திரும்பத் திரும்ப ஓடவிட்டவர் குழுவின் இசையமைப்பாளர் டி.ஜே. மக்ஸ். ‘ஹேண்ட் ஆன் த பம்ப்’ பாடலைக் கவனித்துக் கேளுங்கள். 1962-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஜீன் சாண்ட்லரின் ‘டியூக் ஆஃப் ஏர்ல்’ என்ற காதல் பாட்டின் குரல் அதில் சுழன்றுகொண்டே இருக்கும். துப்பாக்கியைப் பற்றிய வரிகளுக்கு அடியில் ஓடும்போது அதே இனிய குரல் நம்மை அச்சுறுத்துகிறது.

லத்தீன் தன்மை முதலில் வந்தது பேச்சில்தான். குழுவின் பாடகர்களான, கியூபாவில் பிறந்த சென் டாக்கும் மெக்சிகோ-கியூபா வேர்கள் கொண்ட பி-ரியலும் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகிலுள்ள சவுத் கேட் நகரத்து இளைஞர்கள். அங்குள்ள சைப்ரஸ் அவென்யூ என்ற தெருவின் பெயரே குழுவுக்குப் பெயராயிற்று. மூக்கிலிருந்து எழும் பி-ரியலின் மெல்லிய குரல் ஒரு வரியைச் சொல்ல, அதன் கடைசிச் சொல்லைச் சென் டாக்கின் தடித்த குரல் பிடித்து அழுத்துகிறது. ‘லத்தீன் லிங்கோ’ பாடலில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் இந்த இரு குரல்களிலும் தடையின்றிக் கலந்து வருகின்றன.

தாளத்தில் லத்தீன் நேரடியாக நுழைந்தது பின்னர்தான். புகழ்பெற்ற லத்தீன் ஜாஸ் தாளக் கலைஞர் வில்லி போபோவின் மகன் எரிக் போபோ குழுவில் சேர்ந்து, கையால் வாசிக்கும் கொங்காவையும் குச்சியால் வாசிக்கும் டிம்பாலிஸையும் மேடைக்குக் கொண்டுவந்தார். பழங்குடியினரான கோத்தர்களின் கொம்பும் பறையும் கேட்டு வளர்ந்த நீலகிரிக்காரர்களுக்கு, உயிருள்ள கையின் அடி இயந்திரத் தாளத்தை எப்படி மாற்றும் என்று விளக்கத் தேவையில்லை.

கேள்வி: என் மகன் படுகு, தமிழ், ஆங்கிலம் மூன்றையும் கலந்து ராப் எழுதுகிறான். கேட்டால் இந்தக் குழுவைத்தான் காட்டுகிறான். இப்படிக் கலந்து எழுதுவதற்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா?
– இல்லத்தரசி, கோத்தகிரி

பதில்: உண்டு அம்மா. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்று வாழும் இளைஞர்கள் தம்மிடையே பேசிக்கொள்வதை அப்படியே பாட்டில் வைத்ததுதான் இவர்களுடைய சாதனை. இவர்கள் மட்டுமே தொடங்கியதன்று: சென் டாக்கின் தம்பி மெல்லோ மேன் ஏஸும், ராப் பாடகர் கிட் ஃப்ராஸ்ட்டும் 1990-லேயே ஸ்பானிஷ் கலந்த ராப் பாடல்களை வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அதை ராக் இசை ரசிகர்கள் வரை கொண்டுசேர்த்தது சைப்ரஸ் ஹில். 1993-ல் வந்த ‘பிளாக் சண்டே’ ஆல்பம் வெளியானதும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது; 1999-ல் தங்கள் பாடல்களை முழுக்க ஸ்பானிஷில் பாடி ஒரு தொகுப்பே வெளியிட்டார்கள்; 2019-ல் ஹாலிவுட்டின் புகழ்பாதையில் அவர்கள் பெயரில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. வீட்டில் படுகும் சந்தையில் தமிழும் பேசும் உங்கள் மகன் மூன்று மொழிகளில் எழுதுவது அவருக்கு இயல்பானதே. ஒரு மொழியை மட்டும் வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்தாதீர்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவர்களுடைய பாடல்களில் கஞ்சாவைப் போற்றும் வரிகளும் வன்முறையும் நிறைய உண்டு. பி-ரியல் தெருக்கும்பல் வாழ்க்கையில் இருந்து, துப்பாக்கிக் குண்டு பாய்ந்து பிழைத்தவர் என்பதால் அந்த வரிகளில் அவர் பார்த்த உலகம் இருக்கிறது. உங்கள் மகன் தான் பார்த்த உலகத்தை எழுதட்டும். அவர்களுடைய துப்பாக்கியைக் கடன் வாங்க வேண்டாம்.

கேள்வி: இந்தக் குழு சிம்பொனி இசைக்குழுவோடு சேர்ந்து கச்சேரி செய்தது உண்மையா?
– வாசகர், கூடலூர்

பதில்: உண்மை. 1996-ல் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் வேடிக்கையாகக் காட்டப்பட்ட அந்தக் காட்சி, 2024 ஜூலையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் மெய்யாகவே நிகழ்ந்தது. அதைத் தேடுவதற்கு முன் 1991 ஆல்பத்தை முழுதாகக் கேட்டுவிடுங்கள். அந்தச் சிறு துண்டுகளின் ஓசை மனத்தில் பதிந்திருந்தால்தான், வயலின்களும் பித்தளை வாத்தியங்களும் அவற்றை எடுத்து வாசிக்கும்போது என்ன மாறியது என்பது பிடிபடும்.