1943 ஃபிளெட்சர் மாதிரிக்கு கிட் கப்பல் படத்தை நம்பலாமா?

1943 நிலையில் ஃபிளெட்சர் வகை அமெரிக்க டிஸ்ட்ராயர் (நாசகாரிப் போர்க்கப்பல்) ஒன்றின் மாதிரி செய்ய, அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் அருங்காட்சியகமாக இருக்கும் அதே வகை ‘கிட்’ கப்பலின் படங்கள் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆணி, ரிவெட், கதவுக் கைப்பிடி பார்க்கப் போதும்; தளவாட அமைப்புக்கு வேண்டாம். அது 1945 ஆகஸ்ட் நிலைக்கு மீட்டமைக்கப்பட்ட கப்பல். காமிகாஸி (ஜப்பானியத் தற்கொலை விமான) தாக்குதலுக்குப் பயந்து 1945இல் பல ஃபிளெட்சர்களில் முன் டார்பிடோ குழாய்த் தொகுதியையே கழற்றிவிட்டு 40 மி.மீ. பீரங்கிகளை ஏற்றினார்கள்.

முதலில் உங்கள் கப்பலின் பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் மேல்தள அறை) முகப்பு வட்டமா, சதுரமா என்று பாருங்கள். 175 கப்பலில் இரண்டு வகையும் உண்டு. இதில் தவறினால் அப்புறம் எல்லாமே தவறு.

அப்புறம் கலிபோர்னியாவில் இருந்த மேர் ஐலண்ட் கடற்படைக் கப்பல் தளத்துப் படங்களைத் தேடுங்கள். பழுதுபார்ப்பில் மாற்றியவற்றை வெள்ளை வட்டமிட்டுக் காட்டியிருப்பார்கள், தேதியும் இருக்கும். எனக்கு வரைபடத்தைவிட அந்த வட்டங்கள்மேல்தான் நம்பிக்கை.