லீடு தருகிறோம் என்று கூப்பிடுகிறார்கள், சேரலாமா?

கேள்வி: பத்து வருடம் வேறு துறையில் விற்பனை வேலை பார்த்தேன். இப்போது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜெண்டாகச் சேரச் சொல்கிறது. அவர்கள் பாலிசியை மட்டும்தான் விற்க வேண்டும், வேறு கம்பெனி பாலிசியைத் தொடவே கூடாது. அதற்கு ஈடாக வாரத்துக்கு 25 லீடு, அதாவது பாலிசி எடுக்கக்கூடியவர்களின் பெயரும் போன் எண்ணும், தருவார்களாம், ஆள் தேடி அலைய வேண்டாம் என்கிறார்கள். கமிஷன் மட்டும் மற்ற இடங்களில் கிடைப்பதில் பாதி. சேரலாமா சார்?

பதில்: முதலில் அந்த 25 என்ன சரக்கு என்று கேட்டீர்களா? லீடு என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து ரகம் இருக்கிறது. நேற்று ராத்திரி ஒருவர் தானாகவே படிவத்தை நிரப்பி, என்னைக் கூப்பிடுங்கள் என்று எண் கொடுத்திருந்தால் அது ஒரு ரகம். அதே எண்ணை ஒரே நேரத்தில் நாலு ஏஜெண்டுகளுக்குக் கொடுத்திருந்தால் அது வேறு ரகம். முதலில் கூப்பிட்டவருக்குப் பேச்சு கிடைக்கும், நாலாவதாகக் கூப்பிட்டவருக்குத் திட்டு கிடைக்கும். மூன்று மாதத்துக்கு முன் வந்து, ஏற்கெனவே இரண்டு பேர் பேசிக் கைவிட்ட பட்டியலைத் தூசி தட்டிக் கொடுப்பதும் உண்டு, புதிதாகச் சேர்பவர் கைக்குப் பெரும்பாலும் இதுதான் வரும். பரிசுக் குலுக்கல் என்று சொல்லி வாங்கிய எண்களையும் லீடு என்றே சொல்வார்கள். அந்த மனிதருக்கு இன்சூரன்ஸ் நினைப்பே இருந்திருக்காது.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே நல்ல சரக்கு, பழைய ஏஜெண்ட் விலகிப் போனதால் கவனிக்க ஆளில்லாமல் நிற்கும் பாலிசிதாரர்கள்தான். கம்பெனியை ஏற்கெனவே நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் என்பதால் நீங்கள் கூப்பிட்டால் போனை எடுப்பார்கள். ஒரே கம்பெனியைச் சார்ந்து இருக்கும் ஏஜெண்டுக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான சலுகை இது. அதனால் கேட்க வேண்டியது ‘எத்தனை லீடு’ என்பதை அல்ல. எங்கிருந்து வருகிறது, எனக்கு மட்டுமா, எத்தனை நாள் பழசு, எனக்கு முன்னால் யாராவது பேசினார்களா, எத்தனை மாதத்துக்குத் தருவீர்கள், டார்கெட் எட்டாவிட்டால் நிறுத்திவிடுவீர்களா என்று கேளுங்கள். பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்று. பயிற்சியின் முதல் நாளே உங்களுக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதுங்கள் என்று வெள்ளைத்தாளை நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு தாளை நிரப்பினேன். லீடு தருவதாகச் சொல்லிச் சேர்த்தார்கள், கடைசியில் மாமா, சித்தப்பா, பழைய ஆபீஸ் நண்பர்கள் என்று நான்தான் அவர்களுக்கு லீடு கொடுத்தேன். ஒரு வருடத்தில் விலகிவிட்டேன், ஆனால் சித்தப்பாவின் பாலிசி இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

சரி, பாதி கமிஷன் விஷயத்துக்கு வருவோம். எண்கள் என் கற்பனை, கணக்குப் போடும் விதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் 100 லீடு வருகிறது, அதில் 50 பேர் போனை எடுக்கிறார்கள், 20 பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், 5 பேர் பாலிசி எடுக்கிறார்கள் என்று வையுங்கள். பாதி கமிஷனில் 5 பாலிசி என்றால் முழுக் கமிஷனில் இரண்டரை பாலிசிக்குச் சமம். மீதி இரண்டரை பாலிசியின் கமிஷன்தான் அந்த 100 லீடுக்கு நீங்கள் கொடுக்கும் விலை, அவர்கள் இலவசம் என்று சொன்னாலும்கூட. அதே தரத்தில் 100 லீடை வெளியே வாங்கினால் அதைவிடக் குறைவாக முடியுமா என்று விசாரியுங்கள். முடியும் என்றால் இந்தத் திட்டம் உங்களுக்கு நஷ்டம். முடியாது என்றால், கையில் முதலீடு இல்லாத முதல் வருடத்துக்கு இது நியாயமான பேரம்தான், ஏனென்றால் வெளியே லீடு வாங்கினால் விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் போய்விடும், இங்கே விற்றால்தான் கழிகிறது. இதோடு மேஜை வாடகை, மென்பொருள் கட்டணம் என்று தனியாகப் பிடிக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

ஒரே கம்பெனி என்பதாலேயே கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். தொழில் கற்றுக்கொள்ள அது நல்ல இடம், பக்கத்தில் கேட்க ஆள் இருக்கும், பெயரைச் சொன்னால் கதவு திறக்கும். கஷ்டம் எப்போது தெரியும் என்றால், சர்க்கரை நோய் இருக்கிறது என்று ஒருவரின் விண்ணப்பத்தை உங்கள் கம்பெனி தள்ளிவிடும்போது. அவரை ஏற்கக்கூடிய வேறு கம்பெனி இருக்கலாம், ஆனால் நீங்கள் கொடுக்க முடியாது. பிரீமியம் ஏறும்போதும் அப்படித்தான், பல கம்பெனி பாலிசிகளையும் விற்கும் சுயேச்சை ஏஜெண்ட் அவரை வேறு கம்பெனிக்கு மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்வார், நீங்கள் வழியனுப்பி வைப்பீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நீங்கள் விலகினால் அந்த வாடிக்கையாளர்கள் யாருக்குச் சொந்தம் என்பது. இந்தத் தொழிலில் முதல் வருடம் உழைப்பு அதிகம், வரும்படி குறைவு. காசு வருஷா வருஷம் வரும் புதுப்பிப்பு கமிஷனில்தான் இருக்கிறது. விலகிய மறுநாளே அது நின்றுவிடுமா, எத்தனை வருடம் இருந்தால் உங்களுக்கே நிலைக்கும், விலகிய பிறகு எவ்வளவு காலம் அந்த வாடிக்கையாளர்களிடம் பேசக்கூடாது, இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் எங்கேயோ பொடி எழுத்தில் இருக்கும். லீடு நாங்கள் கொடுத்தது, ஆகவே வாடிக்கையாளரும் எங்களுடையவர் என்று அவர்கள் வாதாட அந்த 25 லீடே வசதியாகப் போகும். விதிமுறையைக் கம்பெனி தன்னிச்சையாக மாற்றலாம் என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். அமெரிக்காவின் ஆல்ஸ்டேட் போன்ற பெரிய கம்பெனியே 1999 கடைசியில், ஊழியர்களாக இருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஏஜெண்டுகளின் வேலையை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. ஒப்பந்தக்காரர்களாகத் தொடர வேண்டுமென்றால் கம்பெனி மீதான உரிமைகளை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றது. அந்த வழக்குகள் பல வருடம் இழுத்தன.

கையெழுத்துக்கு முன்னால் அங்கே சேர்ந்து ஒரு வருடமான ஏஜெண்ட் ஒருவரோடு, மேனேஜர் பக்கத்தில் இல்லாமல், அரை நாள் உட்கார அனுமதி கேளுங்கள். அவர் எந்தப் பட்டியலைப் பார்த்துப் போன் போடுகிறார், எதிர்முனையில் என்ன பதில் வருகிறது என்று காதால் கேட்டுவிட்டால் என் பதிலே உங்களுக்குத் தேவைப்படாது.

கேள்வி: கம்பெனி கொடுத்த லீடில் ஆறு பாலிசி விற்றேன். முதல் மாதமே நல்ல பணம் வந்தது. இப்போது மூன்று பேர் பிரீமியம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள், கம்பெனி என்னிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறது. இது சரியா?

பதில்: ஒப்பந்தத்தில் இருந்தால் சரிதான், வருத்தம்தான். உங்களுக்கு வந்தது முன்பணம். ஒரு வருட கமிஷனை 12 பங்காக வைத்து, 9 பங்கை முதலிலேயே கொடுத்திருப்பார்கள் என்று வையுங்கள். அந்த வாடிக்கையாளர் 4 மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால் நீங்கள் சம்பாதித்தது 4 பங்கு, மீதி 5 பங்கு கடன். அறிமுகம் இல்லாத ஆளிடம் போனிலேயே பேசி விற்ற பாலிசி நடுவில் நிற்கும் வாய்ப்பு அதிகம், அதனால் லீடை நம்பி ஓடுபவர்களுக்கு இந்த அடி பலமாக விழும். அடுத்த மாதத்திலிருந்து முன்பணம் வேண்டாம், பிரீமியம் வர வர கமிஷன் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அந்த வசதி உண்டு, யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். அப்புறம், நின்றுபோன மூன்று பேரையும் இன்றைக்கே கூப்பிடுங்கள். சில பாலிசிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பாக்கி கட்டி உயிர்ப்பிக்கலாம்.

கேள்வி: கம்பெனி கொடுத்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டேன். அவர், நான் எண்ணே கொடுக்கவில்லை, புகார் செய்வேன் என்கிறார். பொறுப்பு யாருடையது?

பதில்: கூப்பிட்டது நீங்கள், அதனால் முதலில் உங்கள் பெயர்தான் வரும். விற்பனை அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்துகொள்ளும் வசதி பல நாடுகளில் இருக்கிறது, அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துத்தான் எண்களைத் தருகிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எண்ணை அழித்துவிடுங்கள். அவர் எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில் சம்மதம் கொடுத்தார் என்பதைக் கம்பெனியிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்ட முடியவில்லை என்றால் அதோடு சேர்த்துக் கம்பெனி கொடுத்த மற்ற எண்களையும் தொடாதீர்கள்.