மகள் ராக்கெட் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

"பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், எப்போது பார்த்தாலும் ராக்கெட் பேச்சுதான், கணக்கில் எழுபதைத் தாண்டுவதில்லை, இது நடக்கிற காரியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண்ணுக்கு அப்புறம் வருகிறேன். ராக்கெட் வேலை என்றதும் பலகை நிறையச் சமன்பாடு எழுதும் விஞ்ஞானிதான் உங்கள் மனதில் இருக்கிறார். அவர்களும் உண்டு. ஆனால் ஏவுவதற்கு முந்தைய சில வாரங்களில் ஏவுதளத்தில் நடப்பது வேறு மாதிரியான வேலை.

செயற்கைக்கோள் பெட்டியில் வந்து இறங்கும். தூசி வடிகட்டிய காற்று ஓடும் அறையில், தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடு அதைப் பிரிப்பார்கள். வழியில் குலுங்கியதில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று மின் சோதனைகளைத் திரும்பவும் செய்வார்கள். அடுத்தது எரிபொருள். பல செயற்கைக்கோள்களில் அது ஹைட்ரசீன் என்ற திரவம். தோலில் பட்டாலும் மூச்சில் போனாலும் நஞ்சு. நிரப்புகிறவர்கள் தனிக் காற்று வசதி உள்ள முழு உடையில் இருப்பார்கள், வேலையில்லாத யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிறகு கோளை இணைப்பு வளையத்தில் பொருத்தி, வெப்பக் கவசத்தால் மூடி, ராக்கெட்டின் உச்சியில் ஏற்றுவார்கள். மூடிய பின் சின்னக் கதவுகள் வழியாக எட்டுகிற இடங்களை மட்டுமே தொட முடியும். அதனால் மூடுவதற்கு முன், பறப்பதற்குள் கழற்ற வேண்டிய சிவப்புப் பட்டைகளை எண்ணுவார்கள். உள்ளே போன கருவிகளையும் எண்ணுவார்கள். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் அதைத் தேடிப் பிடிக்காமல் அடுத்த வேலை இல்லை.

இதில் கைவைப்பவர்கள் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன், கெமிக்கல் படித்தவர்கள். டிப்ளமோக்காரர்கள், ஃபிட்டர், வெல்டர், கிரேன் இயக்குபவர் எல்லாரும் உண்டு. விண்வெளிப் பொறியியல் பட்டம் இருந்தால்தான் வாசல் திறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒருவர் செய்முறைத் தாளைப் படிக்க, ஒருவர் செய்ய, இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கேட்கவே சலிப்பாக இருக்கிறதா? 2003 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில், தயாரிப்புக் கூடத்திலேயே, நோவா-என் பிரைம் என்ற வானிலைக் கோளை வண்டியில் வைத்துச் சாய்த்தார்கள். அது தரையில் விழுந்தது. கோளைத் தாங்க வேண்டிய 24 போல்ட்டுகளை வேறொரு குழு கழற்றி எடுத்திருந்தது, எங்கும் குறித்து வைக்கவில்லை. சாய்த்த குழுவோ போல்ட் இருக்கிறதா என்று குனிந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பழுது பார்க்க ஆன செலவு சுமார் 13.5 கோடி டாலர். அந்தக் கோள் மேலே போனது 2009-இல். 2013 ஜூலையில் ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் கவிழ்ந்து விழுந்ததற்கும் காரணம், உணரிகளை (சென்சார்களை) தலைகீழாக மாட்டியதுதான். அதிலிருந்த மூன்று செயற்கைக்கோள்களும் அழிந்தன. இரண்டிலும் கணக்கு தப்பவில்லை, கைதான் தப்பியது.

சரி, மதிப்பெண். வடிவமைப்புப் பக்கம் போக வேண்டுமென்றால் எழுபது போதாது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பொருத்துதல், சோதனை, தரக் கண்காணிப்பு, பாதுகாப்பு என்றால் இயற்பியலில் அடிப்படை தெளிவாக இருந்து, குணமும் பொருந்த வேண்டும். "சார், இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று மூத்தவரிடம் சொல்லும் தைரியமும் அந்தக் குணத்தில் சேர்ந்ததுதான். 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 கிளம்ப ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தபோது ஒரு கோளாறு தெரிந்து கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. சரிசெய்து 22-ஆம் தேதி ஏவினார்கள்.

பெற்றவர்களுக்குக் கசப்பான இரண்டு விஷயங்கள். இந்த வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. அடுத்து, ராக்கெட் நுட்பமும் ஏவுகணை நுட்பமும் அக்கா தங்கை மாதிரி என்பதால் பல நாடுகள் சொந்தக் குடிமக்களைத்தான் எடுக்கும். வெளிநாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு வேண்டாம். ஆனால் இதே கைப்பழக்கத்துக்கு விமானப் பராமரிப்பிலும், மருந்து, சிப் தொழிற்சாலைகளின் தூய்மை அறைகளிலும், எரிவாயு ஆலைகளிலும் வேலை உண்டு. கல்லூரியில் பத்து சென்டிமீட்டர் கனசதுரமான கியூப்சாட் கோள் செய்யும் குழு இருந்தால் முதல் வருடமே சேரச் சொல்லுங்கள்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். வீட்டில் பழைய மின்விசிறி ஒன்றைக் கொடுத்து, கழற்றி மாட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு படியையும் எழுதி வைத்துக்கொண்டே. பிறகு அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் மாட்டிப் பாருங்கள். அவள் வாயே திறக்கக் கூடாது. எங்கே தடுமாறினீர்கள் என்று தாளிலேயே குறித்து, அடுத்த முறை இருவரும் வரும்போது எடுத்து வாருங்கள்.