திராட்சைத் தோல் கொடுத்தால் எருமை சினை பிடிக்குமா?

கேள்வி: கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறேன். முர்ரா எருமைக்கு நாலு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. திராட்சைத் தோலில் உள்ள சத்து ஆய்வகத்தில் கருமுட்டையை நன்றாக முதிர வைக்கிறதாம். கழிவுப் பழத்தைத் தீவனமாகக் கொடுக்கலாமா?

பதில்: வணக்கம் ஐயா. நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் அது தட்டில் வைத்த முட்டைக்கு.

ஆய்வகத்தில், இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் சினைப்பைகளிலோ உயிருள்ள மாட்டிலோ முதிராத கருமுட்டையை ஊசியால் உறிஞ்சி எடுத்து, 38.5 டிகிரி வெப்பம், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு உள்ள பெட்டியில் 22 முதல் 24 மணி நேரம் வளர்ப்பு ஊடகத்தில், அதாவது சத்துள்ள திரவத்தில், வைப்பார்கள். பல ஆய்வகங்களில் அந்தப் பெட்டிக்குள் சாதாரணக் காற்றளவு, அதாவது 20 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும். மாட்டின் கருக்குழாயில் அதில் பாதிகூடக் கிடையாது. வெளிச்சமும் படுகிறது, காக்கிற உடம்பும் இல்லை, அதனால் ஆக்சிஜன் முட்டையை அரிக்கத் தொடங்கிவிடுகிறது. எருமை முட்டை இதில் இன்னும் பாவம். கொழுப்பு நிறைந்து கறுப்பாக இருக்கும், அந்தக் கொழுப்புதான் முதலில் கெடும். 1990லேயே கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் பிரதம் என்ற சோதனைக்குழாய் எருமைக்கன்று பிறந்துவிட்டது, ஆனாலும் எருமையில் இந்த வேலை பசுவைவிட இன்றும் கடினம்தான்.

இங்கேதான் திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால், வெங்காயத்தின் குவர்செட்டின், பச்சைத் தேயிலைச் சத்து எல்லாம் வருகின்றன. முட்டைக்குள் அந்த அரிப்பைத் தடுக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன, சுற்றியுள்ள செல்களும் நன்றாக விரிகின்றன. அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: ரெஸ்வெரட்ரால் ஒரு லிட்டர் ஊடகத்துக்குக் கால் மில்லிகிராம், அரை மில்லிகிராம்தான். பல மடங்கு கூடினால் அதே பொருள் முட்டை முதிர்வதைத் தடுக்கும்.

அப்படிப்பட்ட பொருளை வாய்வழியாகக் கொடுத்தால்? ஒரு பங்கு வயிற்று நுண்ணுயிர்களோடு சரி, மிச்சத்தைக் கல்லீரல் மாற்றிவிடும், சினைப்பைக்குப் போய்ச் சேருவது சொற்பம். கழிவுப் பழத்தைக் கூடை கூடையாகப் போட்டால் அதன் சர்க்கரையால் வயிற்றில் அமிலம் கூடி எருமை அசைபோடுவதை நிறுத்திவிடும். மருந்து அடித்த தோட்டம் வேறு. வேண்டாம் ஐயா.

உங்கள் எருமைக்குத் தேவையான ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்சிஜன் அரிப்பைத் தடுக்கும் சத்து, பசுந்தீவனத்தில் இருக்கிறது. வெறும் வைக்கோலில் வைட்டமின் ஈயும் கரோட்டினும் இல்லையென்றே சொல்லலாம். கோ-4 புல்லோடு வேலிமசால் அல்லது அகத்தி சேர்த்து நாளுக்கு 20, 25 கிலோ, கூடவே தாது உப்புக் கலவை 50 கிராம். பலன் உடனே தெரியாது, இன்று வெளிவரும் முட்டை மாதக்கணக்காக உள்ளே வளர்ந்தது, அதனால் இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுங்கள். கோடையில் நிழலும் குளிப்பாட்டலும் முக்கியம், வெயிலும் முட்டையை இதே மாதிரிதான் கெடுக்கிறது.

அப்புறம், நாலு ஊசி நிற்கவில்லை என்றால் முட்டையை மட்டும் சந்தேகப்படாதீர்கள். எருமைக்கு ஊமைப்பருவம் சகஜம், கத்தாது, நேரம் தவறிவிடும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. அடுத்த பருவத்தில் ஒழுகும் திரவத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் ஊசி போடலாம். கலங்கலாகவோ சீழ் கலந்தோ இருந்தால் கருப்பையில் புண், அந்தத் தடவை ஊசி வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டி முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள்.