கொரியப் போர்ப் படங்களில் கொடி எங்கே நிற்கிறது? கேள்வி பதில்

கொரியப் போர்ப் படங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் நாட்டுப்பற்று பற்றிய கேள்விகள். அவற்றை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். கதை முடிவுகளையும் பேசவேண்டியிருக்கிறது, படம் பார்க்காதவர்கள் கவனம்.

'தேகுக்கி' என்பது தென்கொரியக் கொடியின் பெயராமே. கொடியின் பெயரை வைத்துவிட்டு, படம் முழுக்கச் சொந்த ராணுவத்தையே மோசமாகக் காட்டுகிறார்களே? (கோவை)

அந்த முரண்தான் படத்தின் உயிர். காங் ஜே-க்யூ இயக்கி 2004-இல் வந்தது. சோல் தெருவில் ஷூ பாலிஷ் போடும் அண்ணன் ஜின்-தே, பள்ளியில் படிக்கும் தம்பி ஜின்-சோக். 1950 ஜூன் 25 அன்று கம்யூனிஸ்ட் வடக்குக்கும் தெற்குக்கும் போர் வெடிக்கிறது. குடும்பத்தோடு தப்பி ஓடும்போது ரயில் நிலையத்தில் தம்பியைப் பிடித்து ராணுவ ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள். மீட்கப் போன அண்ணனும் மாட்டிக்கொள்கிறான். பெரிய பதக்கம் வாங்கினால் தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று தெரிந்ததும், உயிரை மதிக்காமல் முன்னால் பாய்கிறான். பத்திரிகைக்காரர்களுக்கு அவன் தேசத்தின் வீரன். அவன் மனதிலோ தம்பியைத் தவிர யாருமில்லை.

அப்புறம் அவனுக்கு நிச்சயமான பெண். பசிக் கொடுமையில் கொஞ்சம் தானியத்துக்காக ஒரு சங்கத்தில் பெயர் கொடுத்தவள். கம்யூனிஸ்ட் என்று சொல்லி அவளைத் தெற்கு ஆட்களே சுட்டுவிடுகிறார்கள். கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். இடதுசாரிகள் என்று கருதியவர்களை அரசே சேர்த்துவைத்த போதோ லீக் என்ற அமைப்பில் பெயர் இருந்த குற்றத்துக்காக, 1950 கோடையில் ஆயிரமாயிரம் பேரைத் தென்கொரிய அரசே கொன்று புதைத்தது. அதற்கு ஒரு ஜனாதிபதி வாய்திறந்து மன்னிப்புக் கேட்டது 2008-இல். இந்தப் படம் அதற்கு நான்கு வருடம் முந்தியது, பார்த்தவர்கள் 1 கோடிக்கும் மேல்.

அதன்பிறகு, தம்பியும் இறந்துவிட்டான் என்று நம்பி ஜின்-தே வடக்குப் பக்கம் போய், அங்கே 'கொடிப் படை' என்ற பிரிவுக்கே தலைவனாகிறான். ஒரே ஆள் இரண்டு கொடிக்கும் சண்டை போட்டாயிற்று. கடைசியில் தம்பியைத் தப்பவிடுவதற்காகத் தன் படையின் மீதே துப்பாக்கியைத் திருப்புகிறான். ஐம்பது வருடம் கழித்து மண்ணைத் தோண்டி எலும்பை எடுக்கிறார்கள். கிழவனாகிவிட்ட தம்பி அதன் முன்னால் உட்கார்ந்து, 'திரும்பி வருவேன் என்றாயே' என்று அழுகிறான். கொடியின் பெயரைத் தலைப்பில் வைத்து, அந்தக் கொடி இந்த அண்ணன் தம்பிக்கு என்ன கொடுத்தது என்று கேட்கிற படம். தன் நாட்டை நேசிக்கிற ஒருவரால்தான் இப்படிக் கேட்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆரம்பத்திலிருந்தே இப்படித் துணிச்சலாகத்தான் எடுத்தார்களா? (மதுரை)

இல்லை, அதற்குப் பலர் விலை கொடுத்திருக்கிறார்கள். 1955-இல் 'பியாகோல்' என்றொரு படம். போர் முடிந்தும் ஜிரி மலையில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் கதை. அவர்களை மனிதர்களாகக் காட்டிவிட்டார்கள் என்று தணிக்கையில் சிக்கியது. கடைசிக் காட்சியில் உயிர் பிழைத்த பெண் தன்னந்தனியாக மணலில் நடந்து போகிறாள். எங்கே போகிறாள் என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காக, அந்தக் காட்சியின் மேல் தேகுக்கிக் கொடி பறப்பதை ஒட்டவைத்தார்கள். அதன்பிறகே வெளியிட அனுமதி. நடக்கிற பெண்ணின் மேல் கொடி மெல்லப் படர்வதைப் பாருங்கள், ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும்.

1965-இல் இயக்குநர் லீ மான்-ஹீ, வடகொரிய வீரர்களை நல்லவர்களாகக் காட்டினார் என்று கம்யூனிச எதிர்ப்புச் சட்டத்தில் கைதானார். இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்புதான் மரைன் படை வீரர்களைப் பற்றி நாடே கொண்டாடிய போர்ப் படம் எடுத்தவர். ராணுவ ஆட்சி ஓய்ந்த பிறகு, 1990-இல் 'நம்புகுன்' வந்தது. அதே ஜிரி மலை, ஆனால் கதையைச் சொல்வதே கெரில்லா.

நாட்டுப் பெருமையை மிக நன்றாகக் காட்டிய ஒரே ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால், எதைச் சொல்வீர்கள் அண்ணா? (யாழ்ப்பாணம்)

யோசிக்கவே வேண்டாம் தம்பி. பார்க் சான்-வூக்கின் 'ஜேஎஸ்ஏ', 2000-ஆம் வருடப் படம். இரு கொரியாக்களுக்கும் நடுவிலுள்ள பன்முன்ஜோம் எல்லையில் இரண்டு தெற்கு வீரர்கள், இரண்டு வடக்கு வீரர்கள். இரவில் யாருக்கும் தெரியாமல் வடக்குக் காவல் குடிலில் கூடி விளையாடுகிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள். தெற்குக்காரன் சோக்கோ பை கொண்டுவருகிறான். நடுவில் வெள்ளையாக மார்ஷ்மெல்லோ வைத்த சாக்லேட் கேக், தெற்கில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற தின்பண்டம். வடக்கு சார்ஜெண்டாக வரும் சாங் காங்-ஹோ ஒன்றை முழுதாக வாய்க்குள் திணித்துக்கொண்டு கண்ணை மூடி மெல்லுகிறார். அப்போது தெற்குக்காரன் மெதுவாக, 'தெற்கே வந்துவிடேன், வயிறு வெடிக்கும்வரை இதைத் தின்னலாம்' என்கிறான்.

குடிலே அமைதியாகிவிடுகிறது. சாங் காங்-ஹோ மென்றதை அப்படியே கையில் துப்புகிறார். 'என் கனவு என்ன தெரியுமா? என்றாவது ஒருநாள் எங்கள் குடியரசு இந்தத் தீபகற்பத்திலேயே சிறந்த தின்பண்டத்தைச் செய்ய வேண்டும். அதுவரைக்கும் இந்தச் சோக்கோ பையோடு சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான்' என்ற பொருள்பட ஒரு வசனம். சொல்லிவிட்டு, துப்பியதை மறுபடி வாயில் போட்டுக்கொள்கிறார்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். பசி இருக்கிறது, ரோஷமும் இருக்கிறது, எதிரில் இருப்பவன் மேல் பாசமும் இருக்கிறது. மூன்றையும் ஒருவர் வாய்க்குள் வைத்துக் காட்டிவிட்டார்கள். அதுவும் தெற்கில் எடுத்த படத்தில், அந்தக் கௌரவத்தை வடக்குக்காரனுக்குக் கொடுத்து.

அதே படத்தில் எல்லையில் நடந்த கொலைகளை விசாரிக்க வரும் சுவிஸ் பெண் அதிகாரியின் அப்பா கதை எனக்குப் புரியவில்லை. (சென்னை)

இது உங்கள் ஊரோடு தொடர்புள்ள விஷயம். போர் முடிந்தபோது வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம் என்று சொன்ன போர்க்கைதிகள் சிலர் இருந்தார்கள். கொரியர்களில் அவர்கள் 76 பேர். கைதிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அப்போது இந்தியப் படையிடம் இருந்தது. அதனால் 1954 பிப்ரவரியில் அவர்களைக் கப்பலேற்றி, சென்னைத் துறைமுகத்தில் இறக்கி, டெல்லிக்குக் கூட்டிப்போனார்கள். பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள், சிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள். அந்தப் பெண்ணின் அப்பா அந்த 76 பேரில் ஒருவர் என்பது கதை. எந்தக் கொடியையும் எடுக்காதவரின் மகள் இரண்டு கொடிக்கும் நடுவில் நின்று உண்மையைத் தேடுகிறாள். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், வேறு படம் பார்ப்பது போலிருக்கும்.

லியாம் நீசன் நடித்த இஞ்சியோன் படம் எப்படி? (சேலம்)

எனக்குப் பிடிக்கவில்லை. 2016-இல் வந்தது. அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் வசனம் பேசுகிறார், எதிரிகள் கொடூரமாகச் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்று செய்யலாம். இஞ்சியோன் துறைமுகத்தில் மெக்ஆர்தரின் படை தரையிறங்கிய அதே கதையை வடகொரியர்கள் 'வோல்மி தீவு' என்று 1982-இல் எடுத்திருக்கிறார்கள். அதில் தீவைக் காத்து நின்று சாகும் வடக்கு வீரர்கள்தான் நாயகர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், சீருடைதான் மாறியிருக்கிறது என்று தோன்றும். அந்தத் தீவில் மீனவக் குடும்பங்களும் வாழ்ந்தன. 1950 செப்டம்பர் 10 அன்று அமெரிக்க விமானங்கள் வீசிய நேபாம் தீக்குண்டுகளில் அவர்களில் பலர் எரிந்துபோனார்கள். அவர்களுக்காக ஒரு நல்ல படம் வரவேண்டும் என்று மனதாரக் காத்திருக்கிறேன்.

ஜப்பான் எதிரியாக வந்தால் மட்டும் கொரியர்கள் தயக்கமே இல்லாமல் பெருமை பேசுகிறார்களே? (சிங்கப்பூர்)

உண்மை. அங்கே எதிரில் நிற்பவன் தம்பி இல்லையே. 2014-இல் வந்த 'மியோங்னியாங்'குக்கு 1 கோடியே 76 லட்சம் டிக்கெட் விற்றது. நாட்டின் மக்கள்தொகையே சுமார் 5 கோடி. 1597-இல் தளபதி யீ சுன்-சின் பதின்மூன்று கப்பலை வைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் கப்பல்களைத் தடுத்த கதை.

ஆனாலும் கவனித்துப் பாருங்கள். அவரைச் சிறையில் போட்டு வதைத்தது அவருடைய ராஜாவேதான். அப்படிப்பட்டவனுக்காக ஏன் சண்டை போடுகிறீர்கள் என்று மகன் கேட்கும்போது, விசுவாசம் என்பது மக்களை நோக்கி இருக்கவேண்டும் என்கிறார். கடைசியில் அவர் கப்பல் சுழலில் சிக்கும்போது கொக்கியும் கயிறும் போட்டு இழுத்து மீட்பதும் ஊர்ஜனங்கள்தான். செவோல் கப்பல் மூழ்கி, முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து, சில மாதங்களே ஆன நேரம் அது. தலைமை ஏற்கவேண்டியவர்கள் மேல் நாடே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபத்தோடு தியேட்டருக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்!

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்க? (திருநெல்வேலி)

'கோஜிஜோன்', 2011. ஏரோக் என்ற மலைக்காகச் சண்டை. அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதித் திருப்பிப் படித்தால் கொரியா என்று வரும். மலை மாறி மாறிக் கைமாறுவதால், பதுங்குகுழியில் ஒரு பெட்டியைப் புதைத்து, இரு தரப்பு வீரர்களும் ஒருவருக்கொருவர் மது, சிகரெட், கடிதம் எல்லாம் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

1953 ஜூலை 27 காலை பத்து மணிக்குப் போர் நிறுத்தத்தில் கையெழுத்தாகிறது. இரண்டு பக்கமும் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஒப்பந்தம் அமலுக்கு வருவது இரவு பத்து மணிக்கு. மிச்சமிருக்கும் பன்னிரண்டு மணி நேரத்தில் மலையைப் பிடியுங்கள் என்று உத்தரவு வருகிறது. கையெழுத்தும் நேரமும் வரலாற்றில் உள்ளபடியே. மலை முழுக்கப் பனிமூட்டம். எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் எல்லாரும் காத்துக் கிடக்கிறார்கள். யாரோ ஒருவன் போர்க்களத்து இரவைப் பற்றிய ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பிக்கிறான். பனிக்கு அந்தப் பக்கமிருந்தும் அதே பாட்டு கேட்கிறது. பாட்டு முடிவதற்கும் பனி விலகுவதற்கும் சரியாக இருக்கிறது.