அமெரிக்க வேட்டைக் கேமராவை உளுந்து வயலில் கட்டலாமா?

கேள்வி: கங்கைகொண்டான் பக்கம் மூன்று ஏக்கர் புஞ்சையில் உளுந்து போட்டிருக்கிறேன். ராத்திரி மான் இறங்கி மேய்ந்துவிடுகிறது. டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன், அங்கே மான் வேட்டைக்கு வைக்கும் தானியங்கிக் கேமரா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். வயலில் கட்டலாமா? வம்பு வருமா?

பதில்: உங்கள் சொந்த வயலில் தாராளமாகக் கட்டலாம் அண்ணாச்சி. பக்கத்தில் இருக்கும் புள்ளிமான் சரணாலயத்துக்குள் மட்டும் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்.

அப்புறம், மருமகன் இன்னொன்றும் சொல்லியிருப்பார்: கேமரா முன்னால் மக்காச்சோளத்தைக் கொட்டி வை, மான் நின்று முகம் காட்டும் என்று. டெக்சாஸில் அது வழக்கம். அங்கே உரிமம் வாங்கி, பருவம் பார்த்துச் சட்டப்படி சுடுகிறார்கள். இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், இரை வைத்து இழுப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். ஒரு கைப்பிடி சோளம்கூட வேண்டாம்.

இந்தக் கேமரா அங்கே வேட்டையையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் குளம்புத் தடத்தையும் புழுக்கையையும் பார்த்து நாள் கணக்காக அலைவார்கள். இப்போது எந்தக் கொம்பு மான் எத்தனை மணிக்கு எந்தத் தடத்தில் வருகிறது என்று போனுக்கே படம் வந்துவிடுகிறது. இது வேட்டையே இல்லை என்று அங்கேயே சண்டை. அரிசோனா மாநிலம் 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்கு இதைத் தடைசெய்துவிட்டது. இதே வகைக் கேமராவைத்தான் களக்காடு முண்டந்துறையில் புலி எண்ண வைக்கிறார்கள். புலியின் வரிகள் இரு விலாவிலும் வேறு வேறாக இருப்பதால், தடத்தின் இருபுறமும் ஒவ்வொன்று.

சரி, கட்டும் விதம். இது உடம்புச் சூட்டின் அசைவை உணர்ந்து படமெடுப்பது. நம்மூர் வெயிலில் தரையும் மான் உடம்பும் ஒரே சூட்டுக்கு வந்தால் கோட்டைவிடும். ராத்திரிக்குக் கவலை இல்லை. வடக்குப் பார்த்து, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, அசையாத மரத்தில் கட்டுங்கள். எதிரே உடைமரக் கிளை இருந்தால் வெட்டிவிடுங்கள். ஆடிக் காற்றுக்கு ஆயிரம் படம் விழும், ஒன்றிலும் மான் இருக்காது. தேதியையும் மணியையும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். டெக்சாஸ் நேரத்தில் விட்டால் நள்ளிரவுப் படத்தில் மத்தியானம் என்று இருக்கும். இழப்பீட்டு மனுவோடு அதை வனச்சரக அலுவலகத்தில் நீட்டினால் யார் நம்புவார்?

ஒரு சந்தேகம் எனக்கு: மேய்வது மான்தானா? காலையில் ஒரு செடியைக் குனிந்து பாருங்கள். மானுக்கு மேல் முன்பல் கிடையாது. இழுத்துப் பிய்க்கும், தண்டு நாராகக் கிழிந்திருக்கும். கத்தியால் சாய்த்து வெட்டியது போலிருந்தால் முயல். மண்ணைப் புரட்டியிருந்தால் பன்றி. கேமரா இதைத்தான் உறுதிப்படுத்தும்.

படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மான் வரும் நேரமும் இடமும் தெரிந்தால் கண்ணி வைக்க ஆள் இருக்கிறது. கேமராவைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். தூக்கிப்போகிறவன் படம் அதற்குள்ளேயேதான் இருக்கும், ஆனால் அதுவும் அவனோடு போய்விடுமே.